பின்னால் நிற்பவர் நகரவும்

கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு தன்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும். ஜம்புநாதனுக்கு அது பதினோரு வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வெயில் என்.எஸ்.பி. ரோட்டில் சாய்ந்து விழும்போது, அந்த ஜவுளிக் கடையின் பெரிய கண்ணாடிக்கு எதிரே நடைபாதையின் எந்தச் சதுரக் கல்லில் நின்றால் முதுகுக்குப் பின்னாலிருக்கும் மலைக்கோட்டை கண்ணாடியின் இடது மூலையில் வந்து உட்காரும், எந்தக் கல்லுக்கு நகர்ந்தால் அது உள்ளே நிற்கும் புடவைப் பொம்மையின் தலையில் கொண்டையாகிக் கேலிக்கூத்தாகும் என்பதெல்லாம் மூளையைக் கேட்காமலே காலுக்குத் தெரியும். மற்றவர்கள் தெப்பக்குளத்துக்குப் போவார்கள். தண்ணீரில் மலைக்கோட்டை தலைகீழாகத் தெரிவதைப் படம் எடுக்காதவர் திருச்சியில் கேமரா வாங்கியதாகவே அர்த்தமில்லை. புகைப்படச் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர் முதல் வாரம் அந்தப் படத்தோடு வருவார், இரண்டாவது வாரம் ரோட்டில் தேங்கிய மழைத் தண்ணீர், மூன்றாவது வாரம் மோட்டார் பைக்கின் பக்கக் கண்ணாடிக்குள் ஒரு முகம், நான்காவது வாரம் வர மாட்டார். ஜம்புநாதன் இவற்றையெல்லாம் கடந்தவர், அல்லது கடந்துவிட்டதாக நினைத்துக்கொள்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அவருக்கு வேண்டியது கடைக்குள் இருப்பதும் தெருவில் இருப்பதும் ஒரே பரப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிவது. கூறைப் புடவையின் மடிப்புக்குள் நுழைந்த டவுன் பஸ் பொம்மையின் தோள் வழியாக வெளியே வர வேண்டும், பலூன்காரரின் பலூன் பொம்மையின் விறைத்த விரலில் கட்டியதுபோல நிற்க வேண்டும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவருக்கு இது ஒளியியல் பாடத்தின் மிச்சம். கண்ணாடியில் தெருவின் வெளிச்சம் விழுகிற இடத்தில் தெரு தெரியும். ஒரு ஆள் குறுக்கே நின்று அந்த வெளிச்சத்தை மறைக்கிற இடத்தில், அந்த ஆளின் வடிவத்துக்குள், கடையின் உள்பக்கம் தெரியும். ஆகவே அவர் எப்போதும் தன் வடிவம் கறுப்புப் பட்டு உடுத்திய பொம்மையின் மேல் பொருந்துகிற மாதிரி நிற்பார். கறுப்புக்குள் கறுப்பு, ஆள் காலி. நாற்பதாயிரம் படங்களில் ஒன்றில்கூட ஜம்புநாதன் இல்லை. "ஜம்பு சார், ஒரே ஒரு சந்தேகம், நீங்க நிஜமாவே இருக்கீங்களா?" என்று சங்கத்தில் ஒருமுறை ரிஸ்வான் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அந்தச் சிரிப்பு வீடுவரை செருப்பில் புகுந்த மணல்போலக் கூடவே வந்தது. அவர் முகம் இருக்கிற ஒரே படம் ஆதார் அட்டையில் இருக்கிறது, அதில் அவர் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவர்போல இருப்பார். நாளைக்கே செய்தித்தாளில் போட ஒரு படம் தேவைப்பட்டால் அதுதான் கதி. யார் தேடப் போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. வாசலில் பால் பாக்கெட் இரண்டு நாள் கிடந்தால் எதிர் வீட்டில் கவனிப்பார்கள், மூன்று நாள் என்றே வைத்துக்கொள்ளலாம், எதிர் வீட்டுக்காரர்கள் சீரியல் பார்க்கிறவர்கள்.

"என்ன சார், இன்னிக்கும் கறுப்புச் சேலைதானா?" என்றார் கடைவாசல் செக்யூரிட்டி அந்தோணிராஜ், நீல உடுப்பு, முழங்கையில் தொங்கும் குடை. "வாரா வாரம் வந்து பாக்குறீங்க. பேசி முடிச்சுரலாமா? பொண்ணு அடக்கமான பொண்ணு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது." ஜம்புநாதன் சிரிக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார், ஏனென்றால் மூன்று மணிக்குப் பெய்து நின்ற மழைக்குப் பிறகு வந்த வெயில் சில நிமிடமே இருக்கும், பாறை கழுவி வைத்ததுபோல் இருந்தது, மலைமேல் ஏறுகிறவர்கள் பக்கத்துப் பொம்மையின் கழுத்துச் சங்கிலியில் எறும்புகளாக நகர்ந்தார்கள், இப்படி ஒரு ஒழுங்கு வருடத்துக்கு இரண்டு தடவை வாய்த்தால் பெரிது, எதிர்த்துப் பேசாது, குமுதாவும் எதிர்த்துப் பேச மாட்டாள், எதிர்த்துப் பேசியிருந்தால் தெரிந்திருக்கும், அவள் எதையும் ஒரு தடவைதான் சொல்வாள், சாம்பார் வேணுமா என்று ஒரு தடவைதான் கேட்பாள், நாம் தலையை நிமிர்த்துவதற்குள் கரண்டி பாத்திரத்துக்குத் திரும்பியிருக்கும், ஒரு படம். கண்ணாடியின் வலது ஓரத்தில் பச்சையாக ஏதோ வந்து நின்றது. யாரோ ஒரு பெண், பின்னால். தாண்டிப் போய்விடுவாள் என்று காத்தார். போகவில்லை. இன்னொரு படம். பச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து, கறுப்புப் பொம்மைக்கும் வலது ஓரத்துக்கும் நடுவில் அவர் இத்தனை பாடுபட்டுக் காலியாக வைத்திருந்த இடத்தில் கால் வைத்தது. கண்ணாடிக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு, திரும்பக் கூடாது. திரும்பினால் நின்ற இடம் போகும், பொருத்தம் போகும், முகத்துக்கு முகம் பேச வேண்டிவரும். அதற்காகவே அவர் ஒரு சைகையைப் பழகி வைத்திருந்தார்: இடது கையை முதுகுப் பக்கமாக நீட்டி, ஈ ஓட்டுவதுபோல இரண்டு அசைப்பு. பூக்காரர், போலீஸ்காரர், கல்யாண வீட்டார் கூட்டமாக வந்தாலும் இந்த இரண்டு அசைப்புக்கு நகர்ந்துவிடுவார்கள், கேமரா வைத்திருக்கிறவனுக்கு ஊர் தருகிற மரியாதை அது. "கொஞ்சம் நகருங்கம்மா" என்றும் சொன்னார், கண்ணாடியைப் பார்த்து. பச்சை வலது பக்கமாக நகர்ந்தது, ஓரத்தைத் தொட்டது, போயிற்று. மூன்றாவது படம். வெயிலும் போயிற்று.

கடைப் படியோரம் ஒதுங்கி, வழக்கம்போல் மூன்றையும் கேமராவின் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றாவது நன்றாக வந்திருந்தது. வலது ஓரத்தில் ஒரு பச்சை முந்தானை மிச்சமிருந்தது, வெட்டிவிடலாம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவதை விரித்தார். பச்சைப் புடவை, தோளில் துணிப்பை, மங்கலாக ஒரு முகம், அந்த முகம் புடவைகளைப் பார்க்கவில்லை, பொம்மையைப் பார்க்கவில்லை, கொஞ்சம் தலையைச் சாய்த்து ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது, யாருடைய முதுகு என்று ஒரு கணம் அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தலையை அப்படிச் சாய்க்கிறவள் உலகத்தில் ஒருத்திதான். குமுதவல்லி. மனைவி, சட்டப்படி இன்றைக்கும் மனைவி, நாலு வருடமாக முசிறியில் தம்பி வீட்டில் இருக்கிறவள். அவளுக்கு மட்டும்தான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இந்த மனுஷன் எந்தக் கல்லில் நிற்பான் என்று. வீட்டுக்குப் போயிருந்தால் பூட்டு. போன் செய்திருந்தால் அது வீட்டுக்குள்ளேயே அடித்திருக்கும், படம் எடுக்கும் நாளில் போனை வைத்துவிட்டு வருவது அவர் விரதம். "யாரு சார் அந்தம்மா?" என்று அந்தோணிராஜ் எட்டிப் பார்த்தார். "கால் மணி நேரமா உங்க முதுகையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பிக்பாக்கெட்டோன்னு நானே ஒரு கண்ணு வச்சிருந்தேன்." "கால் மணி நேரமாவா?" "பின்ன? அப்புறம் நீங்க கையை ஆட்டி விரட்டுனீங்க. அது சிரிச்சுச்சு. சிரிச்சுட்டுப் போயிருச்சு." சிரித்தாள். பிம்பத்தின் மங்கல் எவ்வளவு என்பதை வைத்துத் தூரம் சொல்லத் தெரிந்தவர் அவர், வேண்டாமென்றாலும் மனது போட்டுப் பார்த்தது: தனக்கும் கண்ணாடிக்கும் ஆறடி, அவளுக்கும் கண்ணாடிக்கும் பத்தடி, பத்தில் ஆறு போனால் நாலு. நாலடி. கையை நீட்டினால் தொடலாம். கையை நீட்டத்தான் செய்தார், தொடுவதற்கல்ல. அவள் கிளம்பிய காலையும் இப்படித்தான், பீரோ முன்னால் நின்று புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், பீரோ கண்ணாடியில் அவள் பாதியும் ஜன்னல் பாதியுமாக ஒரு வெளிச்சம் வந்தது, அவர் கேமராவை எடுத்தார், எடுத்திருக்கக் கூடாது, எந்தப் புருஷன் எடுப்பான், ஆனால் வெளிச்சம் அப்படி. அவள் கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்: "என்னைப் பாக்கணும்னா இந்தப் பக்கம் பாருங்க. நான் பீரோவுக்குள்ள இல்ல." பிறகு வாசலில், செருப்பு மாட்டிக்கொண்டு: "நானா ஒரு நாள் வருவேன். வந்தாக் கண்டுக்குங்க. ரெண்டாம் தடவை வர மாட்டேன்." அது மிரட்டலில்லை, தகவல், சாம்பார்க் கரண்டிபோல. நாலு வருடமாக வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் சட்டையைச் சரி செய்துகொண்டு போய்த் திறந்திருக்கிறார், கூரியர்காரருக்கும் காஸ் சிலிண்டர்காரருக்கும். முசிறி நாற்பது கிலோமீட்டர். ஒரு நாளும் போனதில்லை. போனால் கதவைத் திறப்பாள், திறந்தால் நேருக்கு நேர் நிற்க வேண்டும், நேருக்கு நேர் என்ன சொல்வது என்று பாடத்தில் எங்கும் இல்லை.

எந்தப் பக்கம் போனாள் என்று அந்தோணிராஜைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் கையில் சாட்சியம் இருக்கும்போது ஆளைக் கேட்பது படித்தவர்கள் வழக்கமில்லை. மூன்றாவது படத்தில் முந்தானை வலது ஓரத்தில் இருக்கிறது. கண்ணாடியில் வலம் என்றால் நிஜத்தில் இடம். இடப்பக்கம் மலைக்கோட்டை வாசல். ஆக அவள் சாமி கும்பிடப் போயிருக்கிறாள். ஜம்புநாதன் இடப்பக்கம் ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, அறுபத்திரண்டு வயது முழங்காலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் விட்ட அளவுக்கு விரைந்தார், பின்னால் அந்தோணிராஜ் ஏதோ கத்தியது காதில் விழுந்தும் விழாமலும், பச்சை, பச்சை, ஊரில் இத்தனை பச்சைப் புடவையா, ஒருவரையும் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை, எல்லாம் நிஜமாக, முதுகும் வியர்வையும் பையுமாக இடித்தன, மன்னிக்கணும்மா, நீங்க இல்லை, மன்னிக்கணும், எதற்கு வந்திருப்பாள், உடம்பு சரியில்லையா, யாராவது போய்விட்டார்களா, தம்பியோடு தகராறா, அல்லது ஒன்றுமே இல்லையா, ஒன்றுமே இல்லாமல் வந்திருந்தால் அதுதான் இருப்பதிலேயே பெரிய காரணம், ஒன்றுமே இல்லாமல் வந்தவளை ஈ ஓட்டுவதுபோல. மலைக்கோட்டை வாசல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு வாங்க நின்றார். வளையல் கடை ஒன்று, தூணெல்லாம் கண்ணாடி ஒட்டியது. வியர்வையைத் துடைக்க வாட்ச் கட்டிய இடது கையைத் தூக்கினார். தூணுக்குள்ளிருந்த கிழவரும் தூக்கினார். அவர் தூக்கிய கை இந்தக் கைக்கு நேர் எதிரே இருந்தது. இடப்பக்கக் கை இடப்பக்கமே. அப்படியே நின்றுவிட்டார். இருபது வருடத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் பர்வீன் என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், கண்ணாடி இடத்தை வலமா மாத்துதுன்னா, தலையை ஏன் சார் காலா மாத்தல?" "சிலபஸ்ல இல்லாததைக் கேக்காதே, உக்காரு." அந்தக் கேள்வி உட்காரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு புத்தகம் புத்தகமாகத் தேடிப் படித்துப் புரிந்துகொண்டார்: கண்ணாடி இடத்தையும் வலத்தையும் தொடுவதே இல்லை, கிழக்கே நிற்பது கிழக்கேயும் மேற்கே நிற்பது மேற்கேயும்தான் தெரியும், அது மாற்றுவது ஒன்றே ஒன்றை, பின்னால் இருப்பதை முன்னால் இருப்பதாகக் காட்டுகிறது. இதை மூன்று பக்கம் எழுதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார், ரிஸ்வான் மட்டும் கும்பிடு பொம்மை அனுப்பினான். அவ்வளவு தெரிந்தவர், காரியம் என்று வந்தபோது, இடவல மாற்றம், இரண்டு மதிப்பெண் வினா, முப்பத்தொரு வருடம் சொல்லிச் சொல்லி நாக்கு காலுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டது. வலது ஓரத்தில் மறைந்தவள் வலது பக்கம்தான் போனாள். வலது பக்கம் மெயின்கார்டு கேட். அதைத் தாண்டினால் சத்திரம் பேருந்து நிலையம். முசிறி பஸ்.

திரும்பி வரும்போது அந்தோணிராஜ் குடையால் மேற்கே காட்டிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே கத்துனேன் சார்! அந்தம்மா இந்தப் பக்கம் போச்சு. நீங்க கோயில் பக்கம் ஓடுனீங்க, சரி, வேண்டுதல் போலன்னு விட்டுட்டேன்." நிற்காமல் மேற்கே விரைந்தார். கேமரா வயிற்றில் இடித்துக்கொண்டே வந்தது, வழியெல்லாம் கண்ணாடி, செருப்புக் கடைக் கண்ணாடி, பாத்திரக் கடையில் குடம் குடமாக வீங்கிய தெரு, ஒவ்வொன்றிலும் ஒரு வழுக்கைத் தலை குறுக்கே ஓடியது, அதை மறைக்கக் கறுப்புப் பட்டு எங்கும் இல்லை. பத்து நிமிடம் போயிருக்கும். பன்னிரண்டு. பத்து நிமிடத்தில் ஒரு முசிறி பஸ் கிளம்பியிருக்கும், கிளம்பியிருந்தாலும் அவள் ஏறியிருக்க மாட்டாள், இடப்பக்க ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள், கல்யாணமான புதிதில் ஜன்னலோரத்துக்காகவே நாலு பஸ்ஸை விட்டவள், அப்போது அவருக்கு எவ்வளவு எரிச்சல், இந்தப் பிடிவாதம் இன்றைக்கும் இருக்கட்டும், எல்லா ஜன்னலோரமும் நிரம்பியிருக்கட்டும், ஊரே ஜன்னலோரம் உட்காரட்டும். தூறல் மறுபடி விழுந்தது. பேருந்து நிலையத்தில் முசிறி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது, தூறலுக்குப் பயந்து எல்லா ஜன்னல் கண்ணாடியும் சாத்தி. பக்கவாட்டில் போய் நின்றார். முதல் ஜன்னலில் வானம் இருந்தது, மின்கம்பி இருந்தது, எதிரே நின்ற பஸ்ஸின் சிவப்பு இருந்தது, உள்ளே யார் என்று தெரியவில்லை. அருமையான கண்ணாடி. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை அவர் சபித்ததில்லை. நிழல் விழுகிற இடத்தில்தான் உள்ளே தெரியும். அவர் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் முகத்தின் இரு பக்கமும் குவித்து, கண்ணாடியில் தன்னையே ஒட்ட வைத்தார். தலையளவு ஒரு இருட்டு. அந்த இருட்டுக்குள் கடலை உரிக்கிற ஒருவர். அடுத்த ஜன்னலுக்குப் போய் மறுபடி ஒட்டினார். வாயைத் திறந்து தூங்குகிற ஓர் அம்மாள். "யோவ் பெரியவரே, கண்ணாடி தொடைக்கிற வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்றார் படியில் நின்ற கண்டக்டர். அடுத்தது. மூச்சில் கண்ணாடி மங்கியது, சட்டைக் கையால் துடைத்தார், நெற்றியை அழுத்தினார். வானமும் கம்பியும் சிவப்பும் சுற்றி நிற்க, நடுவில் ஜம்புநாதன் வடிவத்தில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்குள் பச்சைப் புடவை, மடியில் துணிப்பை, கொஞ்சம் சாய்ந்த தலை.

குமுதவல்லி அவரைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி இரண்டு தடவை அசைத்தாள், ஈ ஓட்டுவதுபோல. நியாயம்தான். இதைவிட நியாயமாக ஒன்று நடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே அவர் கையை எடுத்தார், ஓரடி பின்னால் நகர்ந்தார், கண்ணாடியில் வானம் மறுபடி மூடிக்கொண்டது, கம்பி, சிவப்பு, நடுவில் ஒரு கிழவர். அதற்குள் அந்த வானம் கரகரவென்று ஒரு பக்கமாக நகர்ந்தது. "நகந்தாத்தானே திறக்க முடியும்?" என்றாள். நரை விழுந்திருந்தது, மூக்குக்கண்ணாடி புதிது, கன்னத்தில் தூறல். நடுவில் ஒன்றுமில்லை. "எங்க போறே?" என்று கேட்டார், நாலு வருடம் சேர்த்து வைத்ததில் அதுதான் முதலில் வந்தது. "முன்னாடி போர்டு மாட்டியிருக்கே. வாத்தியார்தானே, படிங்க." "நீ பின்னாடி நின்னது எனக்குத் தெரியல குமுதா." "தெரியலன்னு தெரிஞ்சுதான் சிரிச்சேன்." "இல்ல, ஃபோகஸ் பொம்மை மேல இருந்துச்சு, பிம்பம் வந்து பத்தடி…" "பொம்மை நல்லா விழுந்துச்சா?" விசில் அடித்தது. "ஏறுறதுன்னா ஏறுங்க சார், வழியனுப்புறதுன்னா டாட்டா காட்டிட்டுத் தள்ளுங்க" என்றார் கண்டக்டர். பஸ் ஒரு உலுக்கு உலுக்கிக் கிளம்பியது. குமுதவல்லி ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து, சாம்பார் வேணுமா என்று கேட்கிற அதே குரலில், ஒரு தடவை கேட்டாள்:

"வர்றீங்களா?"

பாலைப் பற்றி, வீட்டில் கிடக்கும் போனைப் பற்றி, பூட்டினோமா என்பதைப் பற்றி மனது எதையோ தொடங்கியது. காலோ அதைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநரின் நீளமான பக்கக் கண்ணாடியில், நனைந்த பேருந்து நிலையம் முழுவதும் பின்னால் நழுவ, வழுக்கைத் தலையும் முதுகில் ஆடும் கேமராவுமாக ஒருவர் நடுவாந்தரமாக ஓடி வருவது தெரிந்தது. நல்ல படம். எடுக்க அவர் நிற்கவில்லை.